ஸ்டார் ட்ரெக்: முதல் படமா, கான் படமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார் ட்ரெக் பார்க்கப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், விவரம் தெரிந்த ஒருவர் உடனே சொல்லிவிடுவார்: "முதல் படத்தை விடுங்க, தூக்கம் வரும். நேரா ரெண்டாவதுக்குப் போயிடுங்க." நானும் பல வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் மாறினேன் என்று கேட்பவர்களுக்கும், சில்லறைச் சந்தேகங்களோடு வருபவர்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்கள். 1979-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்', 1982-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக் 2: தி ராத் ஆஃப் கான்' இரண்டின் முடிவையும் ஒளிக்காமல் பேசியிருக்கிறேன். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எதுவுமே தெரியாதவருக்கு இரண்டு கதையையும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மூலம் ஒரு தொலைக்காட்சித் தொடர். 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் மூன்று சீசன் ஓடி நிறுத்தப்பட்டது. என்டர்பிரைஸ் என்ற விண்கப்பல், அதன் கேப்டன் கிர்க், உணர்ச்சியை அடக்கி வாழும் வல்கன் இனத்து ஸ்பாக், எதற்கெடுத்தாலும் பொரிந்து தள்ளும் டாக்டர் மெக்காய். தொடர் நின்றபிறகு மறு ஒளிபரப்பில்தான் அதற்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது.

முதல் படம்: பிரம்மாண்டமான ஒரு மேகம் வழியில் வந்ததையெல்லாம் விழுங்கியபடி பூமியை நோக்கி வருகிறது. கிர்க் இப்போது அட்மிரல், மேசை வேலை. இந்த நெருக்கடியைச் சாக்காக வைத்து, புது கேப்டன் டெக்கரிடமிருந்து கப்பலைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறார். மேகத்துக்குள் இருப்பது 'வீஜர்' என்னும் மாபெரும் இயந்திரம். தன்னைப் படைத்தவனைத் தேடி வந்திருக்கிறது.

இரண்டாவது படம்: கிர்க் பல வருடங்களுக்கு முன் ஒரு கிரகத்தில் இறக்கிவிட்டு மறந்துபோன கான் என்பவன் தப்பித்து, ஒரு விண்கப்பலைக் கைப்பற்றிப் பழிவாங்க வருகிறான். நடுவில் ஜெனிசிஸ் என்று ஒரு கருவி. உயிரற்ற கோளில் உயிரை உண்டாக்கும். ஏற்கெனவே உயிர் இருக்கும் இடத்தில் பிரயோகித்தால் அத்தனையும் போய்விடும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்ல படம்?

இரண்டாவது. இதில் எனக்குத் தயக்கமில்லை. திரைக்கதை, வில்லன், வசனம், முடிவு என எதை எடுத்தாலும் அதுதான் மேலே நிற்கிறது. ஆனால் "எது நல்ல படம்" என்ற கேள்வியும் "எதை விட்டுவிடலாம்" என்ற கேள்வியும் ஒன்றல்ல. முதல் படம் பார்க்காமல் இரண்டாவதைப் பார்த்தால் கதை புரியும், கண்ணீரும் வரும். ஆனால் அந்தக் கண்ணீருக்கு முதல் படம் போட்டு வைத்த முதலீடு ஒன்று உண்டு, அது கைக்கு வராது. ஸ்பாக் பற்றிய கேள்வி வரும்போது அதைச் சொல்கிறேன்.

முதல் படம் ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறது?

அது தொலைக்காட்சிக்காகப் பிறந்த கதை. 1977-இல் பாரமவுண்ட் புதிய தொடர் ஒன்றைத் திட்டமிட்டு, அதன் முதல் அத்தியாயத்துக்காக இந்தக் கதையைத் தயார் செய்தது. அந்த வருடம்தான் 'ஸ்டார் வார்ஸ்' வந்து வசூலை அள்ளியது. தொடரை மூட்டை கட்டிவிட்டு, அதே கதையை ஊதிப் பெரிதாக்கிப் படமாக்கினார்கள். ஓர் அத்தியாயத்துக்கான கதையை 132 நிமிடத்துக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? தோசை மாவை நீர்க்கக் கரைத்த மாதிரிதான்.

இன்னொரு காரணம் கெடு. முதலில் அமர்த்திய காட்சி விளைவுக் குழு ஒரு வருடம் போல வேலை செய்தும் படத்தில் வைக்கக்கூடியதாக எதுவும் தேறவில்லை. பிறகு டக்ளஸ் ட்ரம்புல்லையும் ஜான் டைக்ஸ்ட்ராவையும் அழைத்து, மாதக்கணக்கில் இரவு பகலாக வேலை வாங்கினார்கள். தியேட்டர்களுக்கு 1979 டிசம்பர் 7 என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது, தள்ளிப்போட வழியில்லை. இயக்குநர் ராபர்ட் வைஸ் வாஷிங்டனில் நடந்த முதல் காட்சிக்குப் பிரதியைத் தானே கையோடு எடுத்துப்போனார். முன்னோட்டக் காட்சி வைத்து, மக்கள் எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்து வெட்டுவதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஆக, நாம் தியேட்டரில் பார்த்தது கிட்டத்தட்ட ஒரு கச்சாப் பிரதி.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவரும் இதே வைஸ்தான். 1951-இல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' எடுத்தவரும் அவரே. படம் எடுக்கத் தெரியாதவர் இல்லை. முடிக்க விடவில்லை, அவ்வளவுதான்.

கிர்க் கப்பலைச் சுற்றிச் சுற்றி வருவாரே, அந்தக் காட்சிக்கு என்னதான் அவசியம்?

இதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் நிறைய. கப்பல் பழுதுபார்க்கும் துறையில் நிற்கிறது. எஞ்சினியர் ஸ்காட்டி ஒரு சின்னப் பெட்டி போன்ற வண்டியில் கிர்க்கை ஏற்றிக்கொண்டு போகிறார். இரும்புச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் கப்பல் துண்டு துண்டாகத் தெரிகிறது. அப்புறம் வண்டி முன்புறம் திரும்பி, கப்பல் நேர் எதிரே முழுசாக நிற்கிறது. ஐந்து நிமிடத்துக்கு வசனம் என்று பெரிதாக எதுவுமில்லை.

கதைக்கு அவசியமா என்றால் இல்லை. ஆனால் கிர்க்கின் முகத்தைப் பாருங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட பழைய காதலியைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துவிட்டவன் முகம் அது. தொடர் நின்று பத்து வருடம் கழித்துத் தியேட்டருக்கு வந்த ரசிகர்களின் முகமும் அதேதான். வைஸுக்கு இது தெரிந்திருக்கிறது. முதல் முறை எனக்கு இந்த இடத்தில்தான் தூக்கம் வந்தது, மறைப்பானேன். இப்போது படத்தில் எனக்குப் பிடித்த காட்சியே இதுதான்.

வீஜரின் உள்ளே போகும் நீண்ட காட்சிகளுக்கு இந்த வாதம் பொருந்தாது. மேகம், கப்பலின் பாலத்தில், அதாவது கட்டுப்பாட்டு அறையில், நிற்பவர்களின் வியந்த முகம், மறுபடி மேகம், மறுபடி முகம். அதில் பாதியைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

அத்தனை பணம் செலவழித்தும் படம் தோல்வியா?

இல்லை, இது பரவலான தப்பபிப்பிராயம். செலவு 4.4 கோடி டாலரைத் தொட்டது. கைவிட்ட தொடருக்கான செலவையும் இதன் தலையிலேயே கட்டினார்கள். அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆஸ்கரில் கலை இயக்கம், காட்சி விளைவு, இசை என மூன்று பரிந்துரைகளும் வந்தன. ஓடாத படம் இல்லை, செலவுக்கு ஏற்ற லாபம் இல்லாத படம். அதனால்தான் பாரமவுண்ட் அடுத்ததை எடுக்கவும் விரும்பியது, கையைச் சுட்டுக்கொள்ளவும் பயந்தது.

பிறகு இரண்டாவதை எப்படிச் சிக்கனமாக முடித்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. முதல் படம் இல்லாவிட்டால் இரண்டாவது படமே இல்லை என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

பொறுப்பை பாரமவுண்டின் தொலைக்காட்சிப் பிரிவிடம் கொடுத்தார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியை ஆலோசகர் என்ற பெயரில் ஓரமாக உட்காரவைத்தார்கள். தயாரிப்பாளர் ஹார்வ் பென்னெட் தொலைக்காட்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர். பழைய தொடரின் எல்லா அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்த்தார். 1967-இல் வந்த ஓர் அத்தியாயத்தின் வில்லன் கான் அவர் கண்ணில் பட்டான். சுமார் 1.2 கோடி டாலரில் படம் முடிந்தது.

எப்படி? பழையதைத் தட்டித் தேய்த்துத்தான். கப்பல் துறையில் என்டர்பிரைஸ் நிற்கும் காட்சிகள் முதல் படத்தில் எடுத்தவையே. தொடக்கத்தில் வரும், கிளிங்கான் என்ற எதிரி இனத்தின் கப்பல்களும் அப்படியே. என்டர்பிரைஸின் பாலம், கானின் ரிலையன்ட் கப்பலின் பாலம் இரண்டும் ஒரே செட். விளக்கையும் நாற்காலியையும் மாற்றியிருப்பார்கள். முதல் படத்தில் கிளிங்கான் பாலமாக இருந்த செட்தான் இதில் ஏவுகணை அறை. ரெகுலா என்ற ஆராய்ச்சி நிலையம் நினைவிருக்கிறதா? அது முதல் படத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அலுவலக நிலையத்துக்குச் செய்த அதே மாதிரி உருவம். தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் படம் பிடித்தார்கள். முதல் படத்தின் வெளிறிய சாம்பல் சீருடைகளைக்கூட விடவில்லை. அந்தத் துணி எந்தெந்தச் சாயத்தை வாங்கும் என்று சோதித்துப் பார்த்து, தோய்த்து, பயிற்சி மாணவர்களுக்கு மாட்டினார்கள். அதிகாரிகளின் கருஞ்சிவப்புச் சட்டை மட்டும் புதிதாகத் தைத்தது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தின் மேல் தனிப் பாசமே வரும்.

கான் இந்தியரா? பெயரில் 'சிங்' வேறு இருக்கிறதே?

முழுப்பெயர் கான் நூனியன் சிங். 1967 அத்தியாயத்தில், மயங்கிக் கிடக்கும் அவனைப் பார்த்த கப்பலின் வரலாற்று அதிகாரி, வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று ஊகிக்கிறாள். பின்னால் அவனைத் தலைப்பாகையோடு ஓர் ஓவியமும் வரைகிறாள். மற்றபடி அவனிடம் சீக்கியத் தன்மை என்று எதுவும் கிடையாது. தாடி இல்லை, 'கான்' என்ற பெயரோடு 'சிங்' எப்படி ஒட்டிக்கொண்டது என்ற விளக்கமும் இல்லை. ஆரம்ப வரைவில் அவன் வட ஐரோப்பியன். நடிக்க வந்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான். இரண்டாவது படத்தில் அவன் இந்தியன் என்ற பேச்சே எழுவதில்லை.

நடிப்பைச் சொல்லாமல் விட முடியாது. மான்டல்பான் அப்போது ஒரு தொலைக்காட்சித் தொடரில் வெள்ளைக் கோட்டு போட்டு விருந்தினரை வரவேற்கும் பாத்திரத்தில் ஊறிப்போயிருந்தார். வசனத்தைச் சொல்லிப் பார்த்தால் அந்த மனிதரின் குரலே வந்ததாம். பழைய அத்தியாயத்தை வரவழைத்துப் பார்த்து, கானைத் திரும்பப் பிடித்தார். திறந்த மார்போடு நிற்பாரே, அது ரப்பர் இல்லை, அவருடையதுதான். வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

2013-இல் வந்த புது வரிசைப் படத்தில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் கானாக வந்தபோது, சிங்குக்கு இப்படியொரு வெள்ளைக்காரரா என்று கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம்தான்.

முதல் படத்தில் மொட்டைத் தலையோடு வரும் பெண்?

அவர்தான் நிஜமான இந்தியர். பெர்ஸிஸ் கம்பாட்டா, பம்பாய்ப் பார்ஸி, 1965-இன் மிஸ் இந்தியா. ஐலியா என்ற டெல்டா இனத்துப் பெண்ணாக நடிக்கத் தலைமுடியை முழுக்க மழித்துக்கொண்டார். கதையின் பாதியில் வீஜர் ஐலியாவை விழுங்கிவிட்டு, அவள் உருவத்தில் ஓர் இயந்திரத் தூதரை அனுப்பும். அதன்பின் கம்பாட்டா கண் இமைக்காமல், குரல் ஏற்ற இறக்கமில்லாமல் பேசுவார். நடுநடுவே, டெக்கரைப் பார்க்கும்போது மட்டும், பழைய ஐலியா ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைவாள். நடிக்கத் தெரியாதவர் என்று அவரை எழுதித் தள்ளியவர்கள் அந்த ஒரு நொடிகளைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1998-இல் காலமானார்.

விண்வெளிச் சண்டை எதில் அதிகம்?

முதல் படத்தில் தொடக்கத்தில் மூன்று கிளிங்கான் கப்பல்கள் அழிவதோடு சரி. சண்டை வேண்டுமென்றால் கான் படம்தான். ஆனால் அதிலும் சண்டை வேகமாக இருக்காது. இயக்குநர் நிக்கலஸ் மேயருக்கு விண்வெளியைவிடக் கடற்படைக் கதைகள் பரிச்சயம். பாய்மரக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் மோதிக்கொள்வதுபோலவே காட்சிகளை அமைத்தார். மணி அடிக்கும், விசில் ஊதுவார்கள், பீரங்கிக் குண்டைத் தள்ளுவதுபோல ஏவுகணையைத் தள்ளுவார்கள். இராணுவ வாசம் தூக்கல் என்று ராடன்பெரி முணுமுணுத்தார்.

கடைசிச் சண்டை முட்டாரா என்ற நெபுலாவுக்குள், அதாவது விண்வெளி வாயு மேகத்துக்குள். இரண்டு கப்பலுக்கும் கண் தெரியாது, திரை முழுக்கப் புள்ளி. கான் புத்திசாலி, ஆனால் அனுபவமில்லை, இரண்டு பரிமாணத்தில்தான் யோசிக்கிறான் என்கிறார் ஸ்பாக். தரையில் நடக்கிறவன் மாதிரி இடம், வலம், முன், பின் மட்டுமே பார்க்கிறான். மேலும் கீழும் இருப்பது அவன் நினைவிலேயே இல்லை. கிர்க் கப்பலைப் பத்தாயிரம் மீட்டர் கீழே இறக்கி, ரிலையன்ட் தலைக்கு மேல் கடந்துபோகும்வரை பொறுத்திருந்து, அதன் முதுகுக்குப் பின்னால் மெல்ல எழும்புவார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த எழும்பலுக்கு நான் விசில் அடிக்காமல் இருந்ததில்லை. அந்த நெபுலா வேறொன்றுமில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி. உப்புநீர் மேல் நல்ல நீரை நிறுத்தி, ரப்பர் பாலும் அமோனியாவும் கலந்து செலுத்தினால் அப்படி மேகம் விரியும்.

வேடிக்கை என்னவென்றால், கிர்க்கும் கானும் சந்திக்கவே மாட்டார்களாமே?

உண்மைதான். படம் முழுக்கத் திரையிலும் ஒலிபெருக்கியிலும்தான் பேசிக்கொள்வார்கள். கிர்க்காக நடித்த ஷாட்னரும் மான்டல்பானும் தனித்தனியாக நடித்து, பிறகு ஒட்டினார்கள். எதிர்ப்பக்கம் யாரும் இல்லாமல் பேசியதாகப் பார்க்கிறவர் யாருக்கும் தோன்றாது.

"காஆஆன்!" என்று கிர்க் கத்துவது மிகை நடிப்பு இல்லையா?

மிகைதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். கிர்க்கை நிலத்தடியில் உயிரோடு புதைத்துவிட்டதாக நினைத்துக் கான் கெக்கலிக்கும்போது கிர்க் கத்துகிறார். சற்று முன்புதான் ஸ்பாக்கோடு சங்கேதத்தில் பேசி, கப்பல் இரண்டு மணி நேரத்தில் சரியாகி வந்து தூக்கிக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்துவைத்திருப்பார். அது நமக்குப் பிறகுதான் தெரியவரும். அப்படியானால் அந்தக் கத்தல் கானுக்காகப் போட்ட நாடகம், பாதியாவது. ஷாட்னர் மிகையாக நடிக்கவில்லை, மிகையாக நடிக்கும் கிர்க்காக நடித்திருக்கிறார் என்பது என் கட்சி. வீட்டில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கிராபிக்ஸ் எதில் நன்றாக இருக்கிறது?

அழகு முதல் படத்தில். எட்டடி நீளத்துக்குச் செய்த என்டர்பிரைஸ் மாதிரி, அதன் மேல் முத்துப்போல் மினுங்கும் வண்ணம், கப்பலின் விளக்குகளே கப்பலுக்கு வெளிச்சம் தருவதுபோல ட்ரம்புல் ஒளியமைத்த விதம், இதற்கு ஈடு அந்த வரிசையில் வேறு இல்லை. இரண்டாவது படத்துக்கு வந்த கலைஞர்களுக்கு அந்த மினுக்கம் ஒளியைத் திருப்பியடித்துத் தொல்லை கொடுத்தது. மேலே மங்கல் பூச்சு அடித்தார்கள். பாவம் கப்பல்.

வரலாறு இரண்டாவது படத்தில். ஜெனிசிஸ் கருவி எப்படி வேலை செய்யும் என்று விளக்க ஒரு நிமிடம் போல ஒரு காட்சி வரும்: வறண்ட கோளில் தீ பற்றி, சுற்றிப் பரவி, மலையும் கடலும் முளைக்கும். முழுக்கக் கணினியில் செய்தது. செய்தவர்கள் லூகாஸ்ஃபில்மின் கணினிப் பிரிவு. அதே பிரிவுதான் 1986-இல் தனியாகப் பிரிந்து பிக்ஸார் ஆனது.

இசை?

ஜெரி கோல்ட்ஸ்மித், முதல் படம். அவர் முதலில் போட்ட இசையில் மெட்டு என்று ஒன்று நிற்கவில்லை என்று வைஸ் திருப்பிவிட்டார். திரும்பப் போய்ப் போட்டதுதான் இன்று எல்லோரும் முணுமுணுக்கும் அந்த மெட்டு. 1987-இல் தொடங்கிய அடுத்த தலைமுறைத் தொடருக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். வீஜர் வரும்போது அடிவயிற்றைக் கலக்கும் 'ட்வாங்ங்' என்ற ஒலி, நீண்ட உலோகச் சட்டத்தில் கம்பிகளை இழுத்துக்கட்டிய 'பிளாஸ்டர் பீம்' என்ற வாத்தியம். அதை வாசித்த கிரெய்க் ஹக்ஸ்லி, சிறுவனாக இருந்தபோது பழைய தொடரில் நடித்தவர்.

கான் படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர். வயது முப்பதைத் தொடவில்லை. கோல்ட்ஸ்மித்தின் சம்பளம் கட்டுப்படியாகாததால் வந்த வாய்ப்பு. கடல் அலைபோல் புரளும் இசை, படத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் முதல் படத்துக்கே என் ஓட்டு.

ஸ்பாக் சாவு அவ்வளவு பேசப்படுவது ஏன்? முதல் படத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

லியனார்ட் நிமாய்க்கு மறுபடி ஸ்பாக்காக நடிக்க ஆர்வமில்லை. உங்களுக்கு அருமையான சாவுக்காட்சி தருகிறேன் என்று சொல்லித்தான் பென்னெட் அவரை இழுத்தார். செய்தி கசிந்து ரசிகர்கள் கொதித்தார்கள். அதற்கு மேயர் ஒரு தந்திரம் செய்தார். படத்தின் முதல் காட்சியிலேயே ஸ்பாக் உட்படப் பலர் சாகிறார்கள். பிறகு அது கோபயாஷி மரு என்ற, ஜெயிக்கவே முடியாத பயிற்சித் தேர்வு என்று தெரிகிறது. "ஓ, இதைத்தான் சொன்னார்களா" என்று ரசிகர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நிஜச் சாவு கடைசியில் வந்தது.

இனி இரண்டு கைகளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் படத்தில் ஸ்பாக், மிச்சமிருக்கும் உணர்ச்சியையும் துடைத்தெறியத் தவம் கிடந்தவராக வருகிறார். பழைய நண்பர்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீஜரின் மனதோடு தன் மனதை இணைத்துப் பார்த்து, அந்த அதிர்ச்சியில் மருத்துவ அறைக்குத் தூக்கிவரப்படுகிறார். கண் விழித்ததும் சிரிக்கிறார். வீஜருக்கு அறிவுண்டு, ஆனால் அத்தனை அறிவும் வெறுமை. சட்டென்று கிர்க்கின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இந்தச் சின்ன உணர்வு வீஜருக்குப் பிடிபடாது என்கிறார். 132 நிமிடப் படத்தில் எல்லாம் அந்தப் பிடிக்காகத்தான். மேகத்தையும் வெளிச்சத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் படத்தின் உயிர் அந்தக் கட்டிலில் இருக்கிறது.

இரண்டாவது படத்தில் கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சு அறைக்குள் போய்விடுகிறார் ஸ்பாக். கிர்க் ஓடி வரும்போது நடுவில் கண்ணாடிச் சுவர். ஸ்பாக் தட்டுத்தடுமாறி எழுகிறார். எழுந்ததும் முதல் வேலையாகச் சட்டையை இழுத்துச் சரிசெய்கிறார். நாலடி நடந்து கண்ணாடியில் முட்டிக்கொள்கிறார், பார்வை போய்விட்டது. கோபயாஷி மரு தேர்வை நான் எழுதியதே இல்லை, என் விடை எப்படி என்று கேட்கிறார். கை கண்ணாடியில் படிகிறது. இந்தப் பக்கம் கிர்க்கின் கை. முதல் படத்தில் பிடிக்க முடிந்த கையை இப்போது தொட முடியவில்லை.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. மேயர் முதல் படத்தின் பக்தரும் இல்லை. ஆனாலும் முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்தக் கண்ணாடி இரண்டு மடங்கு கனம். "முதல் படத்தை விடுங்க" என்று சொல்வதை நான் நிறுத்தியது இதனால்தான்.

லாஜிக் ஓட்டைகள் எதில் அதிகம்?

சரிசமம். கான் படத்தில், பழைய தொடரில் என்டர்பிரைஸ் அதிகாரியாக இருந்த செக்கோவைப் பார்த்ததும், உன் முகம் எனக்கு மறக்கவில்லை என்பான் கான். அவன் வந்த அத்தியாயம் 1967 பிப்ரவரி. செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் தொடரில் சேர்ந்ததே அடுத்த சீசனில். பெரிய ஓட்டை இன்னொன்று: சேட்டி ஆல்ஃபா மண்டலத்தில் ஆறாவது கோள் வெடித்துச் சிதறியிருக்கிறது. கான் கைப்பற்றுவதற்கு முன் ரிலையன்டில் வந்தவர்கள், கான் இருக்கும் ஐந்தாவது கோளில் இறங்கி, இதுதான் ஆறாவது என்று நினைக்கிறார்கள். ஒரு கோள் குறைகிறதே என்று எண்ணிப் பார்க்க ஆளில்லையா?

முதல் படத்தில் வீஜரின் மேகம் 82 வானியல் அலகு அகலம். அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 82 மடங்கு. அது பூமிக்கு அருகில் வந்து நின்றால் நெப்டியூன் சுற்றுப்பாதைவரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுமே! பின்னால் வந்த பதிப்பில் வசனத்தை இரண்டு என்று திருத்தினார்கள்.

வீஜர் யார் என்ற முடிச்சு மட்டும் எனக்கு அலுக்கவே இல்லை. கிர்க் பெயர்ப்பலகையின் நடு எழுத்துகளை மறைத்திருந்த அழுக்கைக் கையால் துடைக்கிறார்; 'வாயேஜர் 6' என்று எழுத்து தெரிகிறது. நாசா 1977-இல் அனுப்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டே. மற்றவை கற்பனை. ஆனால் அந்த இரண்டில் ஒன்று 2012-இலும் மற்றொன்று 2018-இலும் நிஜமாகவே நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் போய்விட்டன. படம் வந்த வருடத்தில்தான் இரண்டும் வியாழனைப் படமெடுத்திருந்தன.

முதல் படத்தில் எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

ராபர்ட் வைஸ் 2001-இல் திரும்ப உட்கார்ந்து முடித்துக்கொடுத்த இயக்குநர் பதிப்பு. 2022-இல் அது 4கே தரத்தில் மறுபடி செப்பனிடப்பட்டது. வீஜருக்காக ஸ்பாக் கண்ணீர் விடும் காட்சி அதில் உண்டு, தியேட்டர் பதிப்பில் இல்லை. 1983-இல் தொலைக்காட்சிக்கு நீட்டிய ஒரு பதிப்பு இருக்கிறது. கிர்க் விண்வெளி உடையில் வெளியே வரும்போது பின்னால் படப்பிடிப்புத் தளத்தின் சாரம் அப்பட்டமாகத் தெரியும். சிரிக்க வேண்டுமானால் அதைப் பாருங்கள்.

கான் படத்துக்கு எந்தப் பதிப்பும் சரி.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

முதல் படத்தில் ஆளை அனுப்பும் கருவி கோளாறாகி இருவர் இறக்கும் காட்சியின் அலறல் ஒன்றுதான் உறுத்தல். கான் படத்தில் காதுக்குள் புழு நுழையும் காட்சி இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே என்றால் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுங்கள். நானே இன்னும் திரும்பிக்கொள்கிறேன்.

பழைய தொடரையும் பார்க்க வேண்டுமா? மூன்றாவது படம்?

தொடரில் கான் வரும் 'ஸ்பேஸ் சீட்' அத்தியாயம் ஒன்று போதும், ஐம்பது நிமிடம். அப்புறம் முதல் படம். ஒரு நாள் விட்டு கான் படம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டாம், முதல் படத்தின் களைப்பு இறங்கட்டும்.

மூன்றாவது படம் 1984. அதை இயக்கியவர் நிமாய் என்று தெரிந்தாலே ஸ்பாக்குக்கு என்ன ஆகும் என்று ஊகித்துவிடுவீர்கள். கான் படத்தின் கடைசியில், ஜெனிசிஸ் கோளின் செடிகொடிகளுக்கு நடுவே ஸ்பாக்கின் பெட்டி கிடப்பதைக் காட்டுவார்களே, அந்த ஷாட் முதலில் இல்லை. முன்னோட்டக் காட்சியில் மக்கள் துவண்டுபோனதைப் பார்த்து, மேயர் வேண்டாம் என்று சொல்லியும், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் போய் எடுத்து ஒட்டினார்கள். முதல் முறை பார்ப்பவர்கள் அந்தப் பெட்டி வருவதற்குச் சற்று முன்னால் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து மிச்சத்தைப் பாருங்கள்.